பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாத்துறது: காசு கட்டுறதுக்கு முன்னாடி அடி மூடியைக் கழட்டிப் பாருங்க

எங்க ஊர் மலேசியாவுல சுங்கை சிப்புட், ஈப்போவுல இருந்து வடக்கால ஒரு 30 கிலோமீட்டர், சுத்தி செம்பனை, அங்கங்க மிச்சம் மீதி ரப்பர். நான் தோட்டத்து ஆபீஸ்ல கிராணி, கம்ப்யூட்டர் படிச்சவன் எல்லாம் இல்ல, ஆனா ஆபீஸ் பிரிண்டர் நின்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க, லயத்துல யார் வீட்டு லேப்டாப் மக்கர் பண்ணாலும் பையைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. கோவிட் நேரத்துல பிள்ளைங்க வீட்டுல இருந்து படிக்கணும்னு அவசரத்துக்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்கின லேப்டாப் நெறைய வீட்டுல இன்னும் இருக்கு. ஸ்க்ரீன் நல்லா இருக்கும், கீபோர்டு நல்லா இருக்கும், ஆன் பண்ணிட்டு ஒரு தே ஓ கலக்கிக் குடிச்சு முடிச்சாலும் அந்த வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். உடனே தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கலாமான்னு கேப்பாங்க. முக்காவாசி கேஸ்ல வேணாம், ஃபைல் எல்லாம் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டா போதும்.

ஏன் ஸ்லோன்னு கேட்டா, பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு தட்டு நிமிசத்துக்கு 5400 சுத்து சுத்துது, மேல ஒரு ஊசி முனை அங்கயும் இங்கயும் ஓடி ஓடிப் படிக்குது. பால் வெட்டுறவங்க ஒவ்வொரு மரமா நடந்து போய் ஒவ்வொரு கோப்பையா வாளியில ஊத்துற மாதிரிதான். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன ஃபைலைக் கேக்கும், ஊசி பாவம் எத்தனை மரத்துக்குத்தான் நடக்கும். எஸ்எஸ்டியில சுத்துற சாமானே கிடையாது, எல்லாம் சிப்பு, கேட்ட இடத்துல உடனே எடுத்துக் குடுத்துரும். பெரிய ஃபைல் காப்பி பண்ணா பழசு ஒரு நொடிக்கு 100 எம்பி சுமாருக்கு வரும், சாட்டாங்கிற சாதாரண வகை எஸ்எஸ்டி 500 தாண்டும், ஆனா உண்மையான வித்தியாசம் தெரியறது அந்தச் சின்ன ஃபைல் விசயத்துலதான்.

முதல்ல வியாதி இதுதானான்னு பாருங்க. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும், பெர்ஃபார்மன்ஸ்ல டிஸ்க் 0ன்னு இருக்கிறதைப் பாருங்க, அங்கயே எச்டிடியா எஸ்எஸ்டியான்னு போட்டிருக்கும். எச்டிடின்னு இருந்து நீங்க ஒண்ணுமே செய்யாம இருக்கும்போதும் 100 சதவீதத்துல நின்னா மேல படிங்க. ஏற்கனவே எஸ்எஸ்டின்னு இருந்தா உங்க பிரச்சனை வேற, பெரும்பாலும் ரேம் 4 ஜிபி மட்டும் இருக்கும், அதைக் கூட்டுங்க. இன்னொண்ணு, மலிவு லேப்டாப் சிலதுல 32 இல்லன்னா 64 ஜிபி ஈஎம்எம்சின்னு ஒரு சேமிப்பு சிப்பை போர்டோட ஈயம் வச்சு ஒட்டியிருப்பான், அதைக் கழட்ட முடியாது, சில மாடல்ல பக்கத்துலயே காலி ஸ்லாட் ஒண்ணு இருக்கும், இருந்தா அதிர்ஷ்டம்.

இன்னொரு உண்மையையும் சொல்லிடறேன். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் குடுத்த பொதுவான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11 கேக்குற கணக்கு இன்டெல் 8வது ஜெனரேஷன்ல இருந்து, டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு அம்சம் வேற வேணும். எஸ்எஸ்டி போட்டா இந்தக் கணக்கு மாறாது. ரொம்பப் பழைய மெசினா இருந்தா விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க, பிள்ளைங்க பிரௌசர்ல பாடம் பாக்க, அசைன்மென்ட் டைப் பண்ண அது போதும்.

மூடியைக் கழட்டுங்க, அப்புறம் வாங்குங்க

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். அக்கா மகள் யூனிவர்சிட்டிக்குப் போற நேரம், 'மாமா, என் லேப்டாப் சாகுது'ன்னு கொண்டாந்து குடுத்துச்சு. நான் பெரிய ஆள் மாதிரி மாடல் நம்பரைக்கூடத் தேடாம ஆன்லைன்ல வேகமான எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி ஒண்ணை ஆர்டர் பண்ணிட்டேன். வந்துச்சு, சூயிங் கம் அளவுக்கு ஒரு குச்சி, ஸ்லாட்ல அழகா உக்காந்துச்சு, ஸ்க்ரூவும் போட்டாச்சு, விண்டோஸுக்கு முன்னாடி வர்ற பயோஸ் செட்டிங்ல ஆளையே காணோம். ரெண்டு ராத்திரி போராடிட்டு அப்புறம்தான் அந்த மாடலோட சர்வீஸ் மேனுவலைத் தேடிப் படிச்சேன், அந்த ஸ்லாட் எம்.2தான், ஆனா சாட்டா மட்டும்தான் எடுக்கும். உருவம் ஒண்ணு, அதுக்குப் பேர் எம்.2, உள்ள பேசுற பாஷை வேற, ஒண்ணு சாட்டா, இன்னொண்ணு என்விஎம்இ. வாங்கின கடையில திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க, பெட்டி பிரிச்சாச்சாம்.

அதனால வகையைத் தெரிஞ்சுக்கங்க. 2.5 இஞ்ச் சாட்டா, இது சட்டைப்பை அளவு பெட்டி, 2010ல இருந்து 2018 வரைக்கும் வந்த லேப்டாப் நெறைய இதுதான். இப்ப விக்கிறது 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 இருந்திருந்தா உள்ள லொடலொடன்னு ஆடும், சில எஸ்எஸ்டியோட பிளாஸ்டிக் ஃபிரேம் ஒண்ணு குடுப்பான், இல்லன்னா கனமான அட்டை வெட்டி ஒட்டிக்கலாம், நான் அப்படித்தான் செய்வேன். அடுத்தது எம்.2 குச்சி. அதுல 2280ன்னு போட்டிருந்தா 22 மில்லிமீட்டர் அகலம் 80 நீளம்னு அர்த்தம், 2242, 2230ன்னு கட்டையாவும் இருக்கு, உங்க ஸ்லாட்ல ஸ்க்ரூ ஓட்டை எந்தத் தூரத்துல இருக்குன்னு ஸ்கேல் வச்சு அளந்துருங்க. குச்சியோட தங்கப் பல்லுல ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டுன்னா பெரும்பாலும் என்விஎம்இ. ஆனா வெட்டை மட்டும் நம்பி காசு கட்டாதீங்க, என்னோட ஒத்த வெட்டும் உள்ள போய் உக்காந்துச்சுதானே. மாடல் நம்பரோட சர்வீஸ் மேனுவல்னு போட்டுத் தேடுனா தயாரிச்ச கம்பெனி சைட்லயே பிடிஎஃப் கிடைக்கும், அதுல ஸ்டோரேஜ் பக்கத்தைப் படிங்க. 2012 வாக்குல வந்த சில லேப்டாப்ல எம்சாட்டான்னு இன்னொரு குட்டி வகை, அது தனி.

அளவு எவ்ளோ வாங்கலாம்? 240 ஜிபி போதும்பாங்க, ஆனா விண்டோஸ், அப்டேட், ஆபீஸ் எல்லாம் போட்டு வாட்ஸ்அப் வீடியோ சேந்தா சீக்கிரம் நெறஞ்சிடும், 480 இல்ல 500 எடுங்க. 500னு வாங்கி உள்ள பாத்தா 465ன்னுதான் காட்டும், கடைக்காரர் ஏமாத்திட்டாருன்னு சண்டைக்குப் போகாதீங்க, கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024ஆ எண்ணுது. உண்மையாவே ஏமாத்துறது வேற இடத்துல. பேரு தெரியாத பிராண்ட், 8 டிபி 16 டிபின்னு போட்டு அம்பது வெள்ளி அறுபது வெள்ளிக்கு வரும், உள்ள ஒரு குட்டி மெமரி கார்டை ஒட்டி வச்சிருப்பான், அளவு மட்டும் பெருசாக் காட்டும், எழுத எழுத பழைய ஃபைல் அழிஞ்சிக்கிட்டே வரும். சந்தேகமா இருந்தா எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, முழுசா எழுதிப் படிச்சுப் பாத்து உண்மை அளவைச் சொல்லிடும். சிப்பு வகை டிஎல்சின்னு போட்டதை எடுங்க, க்யூஎல்சி மலிவு, ஆனா நெறைய எழுதுனா ஒரு கட்டத்துல வேகம் படுத்துக்கும். வாரண்டி 3 வருசம் 5 வருசம்னு இருக்கும், ரசீதைப் போன்ல படம் எடுத்து வைங்க, அந்த வழவழப்பு ரசீதுல எழுத்து ஆறு மாசத்துல மறஞ்சிடும். நேர்ல பாத்து வாங்கணும்னா எங்க பக்கத்து ஆளுங்க ஈப்போவுக்கு இறங்கி இயிக் ஃபூங் காம்ப்ளெக்ஸ்ல நாலு கடை ஏறி இறங்குவாங்க, பழைய டிஸ்க்கைக் கையிலயே கொண்டு போய்க் காட்டுறது இன்னும் நல்லது.

கழட்டுறதுக்கு முன்னாடி

ஃபைல் எல்லாம் வேற ஒரு டிஸ்க்ல காப்பி எடுங்க. இதை எல்லாரும் சொல்லுவாங்க, யாரும் கேக்க மாட்டாங்க, பரவால்ல, கல்யாணப் படமும் எஸ்பிஎம் சர்டிஃபிகேட் ஸ்கேனும் மட்டுமாச்சும் எடுத்து வைங்க.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க. செட்டிங்ஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிட்டு அது முழுசா முடியற வரைக்கும் காத்திருங்க, இல்லன்னா பயோஸ்ல ஒரு சின்ன மாத்தம் செஞ்சாலும் நீலக் கலர்ல ஸ்க்ரீன் வந்து 48 இலக்கத்துல ஒரு சாவி கேக்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும், அக்கவுன்ட் பாஸ்வேர்டு மறந்துட்டீங்கன்னா உங்களுக்கு அன்னிக்கு நேரம் சரியில்ல.

அப்புறம் முடிவு பண்ணுங்க, பழசை அப்படியே குளோன் பண்றதா, புதுசா விண்டோஸ் ஏத்துறதா. குளோன்னா ஒரு யூஎஸ்பி அடாப்டர் வேணும், எஸ்எஸ்டியை அதுல மாட்டி, நீல நாக்கு இருக்கிற யூஎஸ்பி 3 ஓட்டையில செருகி, எஸ்எஸ்டி கம்பெனியே குடுக்குற குளோன் சாஃப்ட்வேர் இருந்தா அதைப் போட்டு, ராத்திரி விட்டுட்டுப் படுத்தா காலையில முடிஞ்சிருக்கும். குளோன்சில்லாவும் இலவசம்தான், ஆனா பழசு 1 டிபி புதுசு 480ன்னா சின்னதுக்குள்ள பெருசை ஏத்த அது மொரண்டு பிடிக்கும், புதுசா வர்றவங்களுக்கு அது வேணாம். பழைய டிஸ்க் ஏற்கனவே சாகற கேஸா இருந்தா குளோன் பாதியில நிக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பாருங்க, மஞ்சள்ல காஷன்னு காட்டுனா குளோன் ஆசையை விட்டுட்டு ஃபைலை மட்டும் காப்பாத்துங்க. என்னைக் கேட்டா புதுசா ஏத்துறதுதான் நல்லது, அஞ்சு வருச குப்பையையும் வைரஸையும் எதுக்குப் புது வீட்டுக்கு லோரி வச்சு ஏத்திட்டுப் போகணும். 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு, மைக்ரோசாஃப்ட் சைட்ல மீடியா கிரியேஷன் டூல், அவ்ளோதான். லைசன்ஸ் போயிடுமான்னு பயப்படாதீங்க, அது மதர்போர்டோட சேந்தது, சாவி கேட்டா இல்லன்னு சொல்லிட்டுப் பழைய அதே எடிஷனைத் தேர்ந்தெடுங்க, நெட் கிடைச்சதும் தானா ஆக்டிவேட் ஆயிடும்.

கழட்டுற வேலை

ஷட் டவுன் பண்ணுங்க, சார்ஜரைப் பிடுங்குங்க. ஸ்லீப்ல வச்சிட்டு கழட்டாதீங்க. ஸ்க்ரூ டிரைவர் பிஎச்0, பிஎச்00 வேணும், மிஸ்டர் டிஐஒய்ல செட்டாவே கிடைக்கும், வீட்டுல இருக்கிற பெரிய ஸ்டார் டிரைவரை வச்சு திருகி மண்டையை வழிச்சிட்டீங்கன்னா அப்புறம் அந்த ஸ்க்ரூ வெளிய வரவே வராது. எல்லா ஸ்க்ரூவும் கழட்டியாச்சு, மூடி வரலைன்னா வலுவா இழுக்காதீங்க, ரப்பர் காலுக்கு அடியில ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருக்கும், டிவிடி டிரைவ் இருக்கிற மாடல்ல அதை உருவுனா உள்ள இன்னும் ஒண்ணு. ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் கிடையாது. ஒரு காகிதத்துல லேப்டாப் உருவம் வரைஞ்சு எந்த ஸ்க்ரூ எங்க இருந்துச்சோ அங்கயே செலோ டேப் போட்டு ஒட்டிடுங்க, நீளமானதைக் கட்டை இடத்துல போட்டு முறுக்குனா கீபோர்டு பக்கம் புடைச்சிக்கிட்டு வரும். காத்தாடியை நிப்பாட்டுங்க, பூனையை வெளிய விடுங்க.

மூடியைப் பிரிக்க இரும்பு வேணாம், காலாவதியான பிளாஸ்டிக் கார்டு ஒண்ணு போதும், ஓரத்துல விட்டு மெதுவா ஓட்டிக்கிட்டே வந்தா டக் டக்குன்னு விடும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குறது. ஒயரைப் பிடிச்சு இழுக்காம பிளாஸ்டிக் தலையை நகத்தால தள்ளுங்க. அப்புறம் பவர் பட்டனை ஒரு 15 நொடி அமுக்கிப் பிடிச்சு மிச்சக் கரண்டை இறக்குங்க. நம்ம ஊர் ஈரக் காத்துல ஸ்டாட்டிக் தொல்லை கம்மிதான், இருந்தாலும் கை வைக்கிறதுக்கு முன்னாடி வீட்டுத் தண்ணிக் குழாய் மாதிரி ஒரு இரும்பைத் தொட்டுக்கங்க, ஏர்கோன் ரூம்ல கம்பளத்து மேல உக்காந்து செய்யாதீங்க.

2.5 இஞ்ச்னா பழைய டிஸ்க்கோட கூட்டையும் சேத்து தூக்கி, கனெக்டர்ல இருந்து பக்கவாட்டுல உருவி, கூட்டைப் புதுசுக்கு மாத்தி, அதே மாதிரி தள்ளுங்க. எம்.2ன்னா 30 டிகிரி சாய்வா உள்ள விடணும், தங்கப் பல்லு கிட்டத்தட்ட மறையற வரைக்கும், அப்புறம் கீழ அமுக்கிப் பிடிச்சு ஸ்க்ரூ. அந்தக் குட்டி ஸ்க்ரூ காலி ஸ்லாட்ல பல நேரம் இருக்காது, எஸ்எஸ்டி பெட்டியிலயும் குடுக்க மாட்டான், முன்கூட்டியே வாங்கி வைங்க. பேட்டரியைத் திரும்ப மாட்டுங்க, மூடியை இப்பவே எல்லா ஸ்க்ரூவும் போட்டு மூடாதீங்க, முதல்ல ஆன் பண்ணி பயோஸ்ல பேர் வருதான்னு பாத்துட்டு அப்புறம் மூடுங்க. பயோஸுக்கு ஆசுஸ், ஏசர், டெல்னா எஃப்2, எச்பின்னா எஃப்10, திங்க்பேட்னா எஃப்1. பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ற மெனு டெல், ஏசர், லெனோவோவுக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்9, ஆசுஸுக்கு எஸ்கேப். ஏசர் சிலதுல எஃப்12ஐ பயோஸ்ல போய் ஆன் பண்ணாத்தான் வேலை செய்யும். விண்டோஸ் ஏத்தும்போது பழைய டிஸ்க் உள்ளயே இருந்தா அதைக் கழட்டி வச்சிட்டு ஏத்துங்க, இல்லன்னா பூட் ஃபைலைக் கொண்டு போய் பழசுல வச்சிடும், அப்புறம் பழசை எடுத்தா புதுசு எழுந்திரிக்காது.

எழுந்திரிக்கலைன்னா

எஸ்எஸ்டி செத்துப்போச்சு மாமான்னு என்கிட்ட வந்த கேஸ்ல உண்மையா செத்தது கம்மி.

பயோஸ்லயே பேர் வரலைன்னா திரும்பக் கழட்டி அழுத்தி மாட்டுங்க. 2.5 இஞ்ச்ல சில மாடலுக்கு மெல்லிசா ஒரு ரிப்பன் கேபிள் வரும், அதோட போர்டு பக்கத்து முனை கழண்டிருக்கும், பழைய டிஸ்க்கை இழுக்கும்போது நீங்களே கழட்டியிருப்பீங்க. அந்த கனெக்டர்ல சின்ன கறுப்பு நாக்கு இருந்தா அதைத் தூக்கிட்டு கேபிளை விட்டு நாக்கை மூடணும். அப்பவும் இல்லன்னா யூஎஸ்பி அடாப்டர்ல போட்டு வேற கம்ப்யூட்டர்ல பாருங்க, அங்க தெரிஞ்சா எஸ்எஸ்டி நல்லா இருக்கு, ஸ்லாட் வகை தப்பு, என்னை மாதிரி.

பயோஸ்ல இருக்கு ஆனா விண்டோஸ் ஏத்தும்போது டிஸ்க் லிஸ்ட் காலியா இருக்குன்னா, இது இன்டெல் 11வது ஜெனரேஷன்ல இருந்து அடிக்கடி வருது, விஎம்டின்னு ஒரு கண்ட்ரோலர்தான் மறைக்குது. ரெண்டு வழி. இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை பென்டிரைவ்ல போட்டு லோட் டிரைவர்ல காட்டலாம், இல்லன்னா பயோஸ்ல விஎம்டியை ஆஃப் பண்ணலாம். ஏசர்ல அந்த ஆப்ஷனே தெரியாது, மெயின் பக்கத்துல கண்ட்ரோல், எஸ் ரெண்டையும் அமுக்குனாத்தான் வெளிய வரும், இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு.

டிஸ்க் தெரியுது, ஆனா எம்பிஆர்னு, அதாவது பழைய முறையில பிரிச்ச டிஸ்க்னு சொல்லி ஏத்த மாட்டேங்குதுன்னா, ஷிஃப்ட், எஃப்10 அமுக்குங்க, கறுப்பு ஸ்க்ரீன் வரும், இங்கிலீஷ்ல டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், அப்புறம் செலக்ட் டிஸ்க் போட்டு நம்பர், கிளீன், கன்வர்ட் ஜிபிடின்னு வரிசையா அடிங்க. கிளீன் அடிக்கிறதுக்கு முன்னாடி அளவை ரெண்டு தடவை பாருங்க, நம்பர் மாறுனா உங்க பென்டிரைவோ பழைய டிஸ்க்கோ சுத்தமா தொடைச்சிரும், கேள்வியே கேக்காது.

குளோன் பண்ணி மாட்டுனப்புறம் பூட் டிவைஸ் இல்லன்னு வந்தா பெரும்பாலும் சி டிரைவை மட்டும் குளோன் பண்ணிட்டு முன்னாடி இருக்கிற குட்டி பூட் பார்டிஷனை விட்டிருப்பீங்க, முழு டிஸ்க்கையும் திரும்பப் பண்ணுங்க. இல்லன்னா பழைய விண்டோஸ் லெகசிங்கிற பழைய பூட் முறையில ஏத்துனது, பயோஸ் யூஇஎஃப்ஐங்கிற புது முறையில நிக்குது, அதை மாத்திப் பாருங்க. நீல ஸ்க்ரீன்ல இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்னு வந்தா யாரோ பயோஸ்ல சாட்டா மோடை ஏஎச்சிஐ, ரெய்டு, விஎம்டின்னு மாத்தி விட்டிருக்காங்க, முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பி வைங்க, சரியாயிடும்.

ரெண்டாவது டிஸ்க்கா மாட்டி திஸ் பிசியில காட்டலைன்னா பயப்பட ஒண்ணுமில்ல, புது டிஸ்க்குக்கு இன்னும் கோடு போடலை. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் இனிஷியலைஸ், ஜிபிடி, நியூ சிம்பிள் வால்யூம். பழைய எம்பிஆர் 2 டிபிக்கு மேல போகாது, அதனால ஜிபிடியே எப்பவும்.

வைஃபை வரலைன்னா புது விண்டோஸ்ல டிரைவர் இல்ல. போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் ஆன் பண்ணுங்க, நெட் வந்துரும், மிச்சத்தை அப்டேட் பாத்துக்கும். எல்லாம் சரியா இருந்தும் மந்தமா இருந்தா ரேமைப் பாருங்க, 4 ஜிபியோட எஸ்எஸ்டி போட்டும் பத்து டேப் திறந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்.

மழை நேரத்துல இதெல்லாம் வேணாம், அதுவும் பயோஸ் அப்டேட் வேணவே வேணாம். நம்ம பக்கம் சாயந்திரம் இடி மின்னலுக்குப் பஞ்சமே இல்ல, பாதியில கரண்ட் போச்சுன்னா போர்டே போயிரும், காலையில பேட்டரி ஃபுல்லா வச்சிட்டு செய்யுங்க.

போட்டு முடிச்சப்புறம் டீஃப்ராக் பண்ணாதீங்க, எஸ்எஸ்டிக்கு அது தேவையே இல்ல, தேய்மானம்தான் மிச்சம். விண்டோஸ்ல ஆப்டிமைஸ்னு வாராவாரம் ஓடுறது வேற, அது ட்ரிம்னு அழிச்ச இடத்தைச் சொல்லிக் குடுக்குற வேலை, அதை ஆஃப் பண்ணாதீங்க. முழுசா நெரப்பாம ஒரு பத்து இருபது சதவீதம் காலியா விடுங்க. பழைய டிஸ்க் சாகும்போது கரகரன்னு சத்தம் போட்டுச் சொல்லும், எஸ்எஸ்டி சொல்லாம கொள்ளாம ஒரு நாள் காலையில போயிரும், அதுல இருந்து ஃபைல் மீட்க ஆகுற காசுல இன்னொரு லேப்டாப்பே வாங்கலாம். அதனால கழட்டின பழைய டிஸ்க் நல்லா இருந்தா ஒரு கூடு வாங்கி மாட்டி பேக்கப்புக்கு வச்சுக்கங்க.

அக்கா மகளுக்கு அப்புறம் எம்.2 சாட்டா ஒண்ணு வாங்கிப் போட்டேன், இருபது நொடிக்குள்ள டெஸ்க்டாப் வந்துருச்சு, அதே லேப்டாப்லதான் இப்ப மூணாவது செமஸ்டர் ஓட்டுது. தப்பா வாங்கின என்விஎம்இ ஒரு வருசம் டிராயர்ல கிடந்துச்சு, போன மாசம் அதுக்குன்னு யூஎஸ்பி கூடு ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன், சாட்டாவுக்கான கூடு இல்ல, என்விஎம்இ எடுக்கும்னு போட்டிருக்கிற கூடு, இந்தத் தடவை பெட்டியில எழுதியிருக்கிறதை முழுசாப் படிச்சிட்டுத்தான் காசு குடுத்தேன்.